டேப்பை நீயே பிடி

சத்துவாச்சாரி, வேலூர்
வைகாசி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுவாய். நடுவில் குழந்தையும் அழுவான். கெங்கையம்மன் திருவிழாவுக்குத் தைக்கக் கொடுத்திருந்த குடியாத்தத்துக்காரர்கள் எல்லாரும் துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் இப்போதுதான் மூச்சுவிட முடிகிறது. நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

நீ அனுப்பிய அந்தச் சிகிச்சை மையத்தின் விளம்பரத்தை இரண்டு முறை படித்தேன். கொழுப்பைக் குளிரில் உறைய வைப்பார்களாம், கத்தி இல்லை, தையல் இல்லை, மயக்க மருந்து இல்லை, படுத்து எழுந்தால் இடுப்பு மெலியும் என்று போட்டிருக்கிறார்கள். தையல் இல்லாததை ஒரு தையல்காரி மகளிடமே பெருமையாகச் சொல்கிறார்கள், இருக்கட்டும். போகாதே என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. உடம்பு உன்னுடையது, சம்பளமும் உன்னுடையது. ஆனால் பெயர் சூட்டும் விழாவில் உன் நாத்தனார் 'இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா?' என்று கேட்டாளே, அதற்காகப் போகிறாய் என்றால், அவ்வளவு பணத்தையும் அவளுக்குத்தான் செலவு செய்கிறாய். அவளுக்கு நாம் செய்த சீரே போதும்.

என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் தோல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அளவெடுக்கும்போது உன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். கட்டிங் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் விளக்கினார். பெயர்களையும் வருடங்களையும் என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கொழுப்பை உறைய வைக்கும் யோசனைக்கு ஆரம்பம் குச்சி ஐஸ் என்றார். 1970இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்களாம். குச்சி ஐஸ் பட்ட இடத்தில் கன்னம் சிவந்து தடித்திருக்கிறது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடியில் இருந்த கொழுப்புதான் செத்திருக்கிறது. பல வருடம் கழித்து பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர்கள் இதைப் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். 2010இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இடுப்பின் பக்கச் சதைக்கு அந்த மெஷினை அனுமதித்தது. வயிற்றுக்கு அனுமதி கிடைத்தது 2012இல். கூல்ஸ்கல்ப்டிங் என்ற பெயரில் விற்பது அதுதான். உன் விளம்பரத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். 'சர்வதேசத் தொழில்நுட்பம்' என்று மட்டும் இருக்கிறது.

குளிரில் கொழுப்பு மட்டும் சாவானேன், தோல் ஏன் சாகவில்லை என்று கேட்டேன். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிப் போயிருக்கும், பக்கத்துச் சொம்பில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும் அல்லவா, அப்படித்தான் என்றார். கொழுப்பு உறைவதற்குத் தண்ணீரை உறைய வைக்கும் அளவு குளிர் வேண்டியதில்லை. சதையை ஒரு கிண்ணம் போன்ற பிடிப்பானுக்குள் உறிஞ்சி, அதன் தகட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி அளவுக்குக் கொண்டுபோய், முப்பத்தைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வைக்கிறார்கள். எடுத்தபின் அந்த இடம் கட்டியாக இருக்கும், அதைப் பிசைந்துவிடுகிறார்கள். செத்த கொழுப்புச் செல்களை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்த இரண்டு மூன்று மாதம் ஆகும். படுத்து எழுந்தால் மெலியும் என்பது அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

எவ்வளவு குறையும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நல்லபடியாக வேலை செய்தால் ஒரு தடவைக்கு, பிடித்த இடத்துக் கொழுப்பின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கு. விரலில் இரண்டு அங்குலம் பிடிபடுகிற மடிப்பு மிஞ்சிப்போனால் ஒன்றரை அங்குலமாகும். பாவாடை நாடாவைக் கொஞ்சம் தள்ளி முடிவதற்கு அது போதும். அளவு ரவிக்கையை மாற்ற வேண்டி வராது. எடை மெஷினில் ஏறி நின்றால் முள் அசைவது சந்தேகம். டாக்டரம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: இது எடை குறைக்கிற வைத்தியம் இல்லை. எடை சரியாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் கரையாமல் நிற்கிற சதைக்கு வடிவம் கொடுக்கிற வேலை. மிச்சமிருக்கும் செல்கள், சாப்பாடு கூடினால் மறுபடி பருக்கும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஊர் மெலியும் நிலையம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், வங்கியில் வேலை செய்பவள், சுடிதார் டாப்ஸ் ஐந்தாறை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் மூன்று அங்குலம் உள்ளே பிடித்துத் தர வேண்டும் என்றாள். கையில் அவர்கள் கொடுத்த அட்டை: முதல் நாள் முப்பத்தாறு, கடைசி நாள் முப்பத்துமூன்று. பிடிப்பதற்கு முன் அளந்துவிடலாம் என்று டேப்பைப் போட்டேன். முப்பத்தைந்தே முக்கால். அவள் முகம் சுருங்கிவிட்டது. அங்கே எப்படி அளந்தார்கள், காட்டு என்றேன். நிமிர்ந்து நின்றாள், வயிற்றை உள்ளே இழுத்தாள், டேப்பைத் தொப்புளுக்கு மேலே நான்கு விரல் ஏற்றிப் பிடித்தாள், இறுக்கினாள். டேப்பின் ஓரம் தோலில் பதிந்து கோடு விழுந்தது. முப்பத்துமூன்று சரியாக வந்தது. முதல் நாள் அளந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தொப்புளின் மேலேயே, தளர்வாக. மெஷின் போட்டாலும் போடாவிட்டாலும் இப்படி அளந்தால் யாருக்கும் மூன்று அங்குலம் குறையும். துணி பொய் சொல்லாது. அவள் சுடிதாரைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே டேப்பை நீயே பிடி. காலையில், வெறும் வயிற்றோடு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்துக்கொள். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். டேப் தரைக்கு இணையாக ஓட வேண்டும், தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. நம் நாட்டுப் பெண்களுக்கு அந்த அளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். என் டேப்பில் முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90. உன் அப்பா எப்போதோ தாண்டிவிட்டார். அவருக்குக் கை கால் எல்லாம் மெலிவுதான், வயிறு மட்டும் முன்னே தள்ளி இறுக்கமாக நிற்கிறது, கிள்ளினால் விரலில் பிடிபடாது. அது தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு இல்லை. உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றி இருப்பது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் கெடுதல் செய்வது அதுதான். குளிர் மெஷினோ சூட்டு மெஷினோ அந்த இடத்துக்கு எட்டாது. அதற்கு நடையும் சாப்பாடும்தான். அவரைக் கோட்டை மைதானத்தில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வடைக்கடை வரை ஒழுங்காக நடக்கிறார்.

இனி உன் வயிறு. எனக்கு அது வெறும் கொழுப்பு என்று தோன்றவில்லை. போன தடவை வந்தபோது நீ படுக்கையிலிருந்து எழும்போது வயிற்றின் நடுவில் மேடு போல ஒன்று எழும்பியதைப் பார்த்தேன். பிள்ளை வளரும்போது வயிற்றின் நடுக்கோட்டில் இரண்டு பக்கத் தசையும் விலகிக் கொடுக்கின்றன. பலருக்குத் தானாகச் சேரும். சிலருக்கு மாதக்கணக்கில் விலகியே இருக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்துப் பார். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டு. தசை விலகியிருக்கும்போது மேலே இருக்கிற கொழுப்பை உறைய வைத்து என்ன பயன்? வயிறு அப்படியேதான் தள்ளி நிற்கும். தொப்புளில் குடலிறக்கம் இருந்தால் அந்த இடத்தில் உறிஞ்சுகிற கிண்ணத்தை வைக்கவே கூடாது. பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாய் வேறு. அதை நிறுத்தும் வரை பொறு என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். எனக்குப் பிரசவம் ஆனபோது உன் ஆயா பழைய நூல் புடவையை மடித்து வயிற்றுக் கட்டு கட்டிவிட்டார். இடுப்புக்குத் தாங்கலாக இருந்தது, கொழுப்பு எதுவும் கரைந்ததாக நான் நம்பவில்லை. இதை ஆயாவிடம் சொல்லிவிடாதே.

விளம்பரத்தில் எழுதாததையும் கேட்டு வைத்தேன். சிவப்பது, கன்றிப்போவது, சில வாரம் மரத்துப்போவது எல்லாம் சாதாரணம். மெஷின் மட்டமாக இருந்தாலோ, தோலுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைக்கிற ஜெல் துணி சரியாக விழாவிட்டாலோ தோல் குளிரில் வெந்துவிடும். கிரையோகுளோபுலினீமியா என்ற அரிய ரத்த நோய் உள்ளவர்களுக்கு இந்தக் குளிர் ஆகவே ஆகாது. இன்னொன்று விசித்திரமானது. சிலருக்குக் குறைய வேண்டிய இடத்தில் கொழுப்பு வளர்ந்துவிடுகிறது. கெட்டியாக, பிடிப்பானின் வடிவத்திலேயே. 2014இல் முதன்முதலாக இதைப் பதிவு செய்தார்கள். லிண்டா இவாஞ்சலிஸ்டா என்ற கனடா நாட்டு மாடல் அழகி, தனக்கு அப்படி ஆனதால்தான் ஐந்து வருடமாக வெளியே தலைகாட்டவில்லை என்று 2021இல் சொன்னார். வழக்குப் போட்டு அடுத்த வருடம் சமரசமானது. அரிதுதான், ஆனால் கம்பெனி முதலில் சொன்ன அளவு அரிதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றனவாம். வந்துவிட்டால் அது தானாகப் போகாது, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையில்தான் எடுக்க வேண்டும். கத்திக்குப் பயந்து போனவள் கத்தியிலேயே வந்து நிற்க வேண்டியதுதான். இதை அவர்களே வாய்விட்டுச் சொல்கிறார்களா பார். கேட்டும் 'அப்படி ஒன்றும் வராது மேடம்' என்று சிரித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு.

மற்ற மெஷின்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. லேசர், அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலை எல்லாம் பெரும்பாலும் குளிருக்குப் பதிலாகச் சூட்டால் செய்கிற வேலை. லேசர் என்றால் கொழுப்பை நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழு டிகிரி வரை சூடேற்றி இருபத்தைந்து நிமிடம் வைக்கிறார்கள். பலனும் ஏறக்குறைய அதே அளவு, அதே காத்திருப்பு. கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று ஒன்றையும் போட்டிருக்கிறார்கள். டியாக்சிகோலிக் அமில ஊசிக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது தாடைக்கு அடியில் போடுவதற்கு மட்டும். வயிற்றில் போட்டுக்கொள்ளாதே.

காந்த மெஷினைப் பற்றி மட்டும் காதில் போட்டுக்கொள். 2018இல் வந்தது. அரை மணி நேரத்தில் வயிற்றுத் தசையை இருபதாயிரம் முறை சுருங்க வைக்கும் என்கிறார்கள். உனக்குப் பிரசவத்துக்குப் பிறகு காப்பர்-டி போட்டிருக்கிறது. உடம்பில் உலோகமோ பேஸ்மேக்கரோ இருப்பவர்களுக்கு அந்த மெஷின் கூடாது, காப்பர்-டியும் அந்தக் கணக்கில்தான். விளம்பரத்தில் கீழே பொடி எழுத்தில்கூட இது இல்லை.

இவ்வளவையும் படித்தபின் வேண்டும் என்று தோன்றினால், குழந்தை பால் மறக்கட்டும், தசையைக் காட்டிக்கொள், பிறகு பதிவு பெற்ற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ கூடவே இருக்கிற இடமாகப் பார்த்துப் போ. மெஷினின் பெயரையும் கம்பெனியையும் கேள். பணம் ஓரிடத்துக்கா, முழு வயிற்றுக்கா, ஒரு தடவைக்கா என்று எழுதி வாங்கு. இடுப்பின் இரண்டு பக்கத்தையும் இரண்டு இடமாகக் கணக்குப் போடுவார்கள். முதல் நாள் போட்டோவை உன் போனில் எடு. பிறகு எடுப்பதும் அதே வெளிச்சத்தில், அதே நிலையில் இருக்கட்டும். 'இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி' என்றால் கட்டாதே. நீ சொன்ன தொகைக்கு இங்கே ஒரு பவர் தையல் மெஷின் வாங்கலாம். இதை எனக்காகச் சொல்லவில்லை, சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய ரவிக்கைகளைப் பிரித்துவிட்டேன். மஞ்சள் நூல் ரவிக்கையிலும் கறுப்பிலும் பக்கவாட்டில் நான் விட்டிருந்த துணி அப்படியே இருக்கிறது. இரண்டு தையலைப் பிரித்தால் தாராளமாக ஏறும். பச்சைப் பட்டு நான் தைத்ததில்லை, கல்யாணத்தின்போது உன் மாமியார் பெங்களூரிலேயே தைக்கக் கொடுத்தது. உள்ளே கால் அங்குலம்கூட விடவில்லை அந்த மகராசன். அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒட்டுத்துணி வைத்துத் தைக்க வேண்டும். அந்தப் பச்சைக்குப் பொருந்துகிற துணி லாங் பஜாரில் கிடைக்கிறதா என்று வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் சேலையின் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பு. கத்தரியை நேராகப் பிடித்து வெட்டு.

இப்படிக்கு,
அம்மா