போனில் வரும் உத்தரவும் எழுத்தில் வரும் மெமோவும்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெல்லைச் சீமையில் ஓர் அரசு மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் எழுதுகிறேன். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் தரும் ரேடியாலஜி டாக்டர்களுக்கு உள்ள தட்டுப்பாடு தாங்கள் அறியாததல்ல. அவர்கள் செய்துவந்த வேலைகளில் சில, சத்தமில்லாமல் எங்கள் கைக்கு வந்துவிட்டன. வந்ததில் வருத்தமில்லை. எந்த வேலை, என்ன பயிற்சிக்குப் பிறகு, யார் பொறுப்பில் என்று எழுத்தில் தாருங்கள். அதுதான் கோரிக்கை.

சென்ற மாதம் முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் வயிற்றுவலியோடு வந்தார். உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கவேண்டிய ஸ்கேன். டாக்டருக்கு அன்று வேறு ஊரில் டியூட்டி. போனில் கேட்டேன். "கிரியாட்டினின் நார்மல்தானே, போட்டு எடுத்துருங்க" என்றார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. அவரைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு ஊரை ஓர் ஆள் எப்படிப் பார்ப்பார்? மருந்து ஏறிய சற்று நேரத்தில் அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்கிறது. அயோடின் கலந்த இந்த மருந்து பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. அபூர்வமாகச் சிலரைச் சில நிமிடங்களிலேயே சாய்த்துவிடும். உடனே தொடையில் அட்ரினலின் போடவேண்டும். அது எனக்குத் தெரியும். போடத்தான் அதிகாரமில்லை. மருந்தை ஏற்றலாம், முறிக்கக்கூடாது! கேஷுவாலிட்டியிலிருந்து டாக்டர் ஓடிவரும்வரை ஆக்சிஜனை வைத்துவிட்டு வாசலையே பார்த்து நின்றேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். வெளியே மகன் கேட்டார்: "ஊசிய நீங்கதான போட்டிய? டாக்டரு எங்க போனாவ?"

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. உத்தரவு போனில் வந்தது. மெமோ முத்திரையோடு, நகல் இருவருக்கு என்று அடிக்குறிப்போடு வந்தது. ஆபீசில் தாளுக்குப் பஞ்சமில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

வெளிநாட்டில் டெக்னீஷியன்கள் செய்யவில்லையா என்று மீட்டிங்கில் கேட்கிறார்கள். செய்கிறார்கள். பிரிட்டனில் 1990-களிலிருந்து எக்ஸ்ரே படங்களுக்கு ரேடியோகிராபர்களே ரிப்போர்ட் எழுதுகிறார்கள். அதற்கென மேற்படிப்பு படித்து, எழுதிய ரிப்போர்ட்டுகள் தணிக்கைக்குப் போய், எதை எழுதலாம் எதை டாக்டரிடம் தள்ளவேண்டும் என்ற வரையறைக்குள் நின்று எழுதுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த பயிற்சி, டாக்டர் ஊசி போடும்போது பக்கத்தில் நின்றது.

அடுத்து அல்ட்ராசவுண்டும் எங்களிடம் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தக் கருவியைத் தகுதியுள்ள டாக்டருக்கு மட்டுமே அனுமதிக்கிறது. பித்தப்பைக் கல்லில் ஆண் ஏது பெண் ஏது என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். ஆனாலும் அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்ப்பிணிகளின் ஸ்கேன் டாக்டரிடமே இருக்கட்டும். மற்றதற்கு மத்திய அரசிடம் பேசி விதியைத் திருத்திவிட்டு வாருங்கள், கற்றுக்கொள்கிறோம். வாய்வார்த்தையில் மட்டும் உடம்பில் வைத்துப் பார்க்கும் அந்தப் புரோபை எங்கள் கையில் திணித்துவிடாதீர்கள். ஜெயில் என்று வந்தால் போனில் சொன்னவர் வரமாட்டார்.

மெஷின் ரூமில் ஏசி நின்றால் அன்றைக்கே கம்பெனிக்கு போன் பறக்கிறது. அவசர மருந்து டிரே காலியாகக் கிடந்தால் மருந்து கேட்டு இண்டென்ட் எழுதி எழுதிக் கை ஓய்கிறது. மெஷினுக்கு இருக்கிற மரியாதையில் பாதி, அதில் படுக்கிற ஆளுக்கு இருந்தால் போதும். அது தனிக் கதை, பிறகு பேசலாம்.

இப்போதைக்குத் தங்களிடம் பணிவோடு கேட்பது: கான்ட்ராஸ்ட் யாருக்குப் போடலாம், போடும்போது எந்த டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும், மூச்சு இழுத்தால் முதல் ஊசியை யார் போடுவது என்று எழுத்தில் வரட்டும். அந்த ஊசிக்கு எங்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சியும் அதிகாரமும் சேர்த்துத் தாருங்கள். அதற்கு நாளாகும் என்றால், டாக்டர் வளாகத்தில் இல்லாதபோது கான்ட்ராஸ்ட் ஏற்றவேண்டாம் என்று ஒரு வரிச் சுற்றறிக்கையாவது இந்த வாரமே அனுப்பிவையுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம் ஐயா, கையெழுத்தோடு.

இப்படிக்கு,
நுண்கதிர் பிரிவு ஊழியர்,
திருநெல்வேலி மாவட்டம்