லைக்கா திரும்பி வரவில்லை என்றும் எழுதுங்கள்

சிறுவர்களுக்கான பொது அறிவுப் புத்தகங்களை எழுதுகிறவர்களுக்கும் வெளியிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

'விண்வெளிக்குச் சென்ற முதல் விலங்கு எது? லைக்கா என்ற நாய்.' பள்ளியில் நான் மனப்பாடம் செய்த வரி. இப்போது என் மகள் வைத்திருக்கும் புத்தகத்திலும் அதே வரிதான் இருக்கிறது. படித்துவிட்டு, "அப்புறம் எப்பப்பா அது வீட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டாள். பக்கத்தைப் பார்த்தேன். அடுத்த கேள்வி, நிலவில் முதலில் கால் வைத்தவர் யார் என்பது.

அந்த விடையே சரியில்லை. 1947-இல் அமெரிக்கர்கள் வி-2 ராக்கெட்டில் பழ ஈக்களை அனுப்பி உயிரோடு மீட்டார்கள். 1949 ஜூனில் இரண்டாம் ஆல்பர்ட் என்ற ரீசஸ் குரங்கு சுமார் 134 கிலோமீட்டர் உயரம் போனது. இறங்கும்போது பாராசூட் கைகொடுக்காமல் தரையில் மோதி இறந்தது. லைக்கா, பூமியைச் சுற்றிவந்த முதல் விலங்கு. சரி, இதை அடுத்த பதிப்பில் எளிதாகத் திருத்திவிடலாம். என் மகள் கேட்டதற்குத்தான் உங்கள் புத்தகத்தில் பதிலே இல்லை.

லைக்கா மாஸ்கோ தெருக்களில் பிடிக்கப்பட்ட பெண் நாய். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியது என்றுதான் தெருநாயாகப் பார்த்து எடுத்தார்கள். சோவியத் ஒன்றியம் அனுப்பிய உலகின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்-1 பறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியின் 40-ஆம் ஆண்டு விழாவுக்குள் அடுத்தது பறக்க வேண்டும் என்றார் சோவியத் தலைவர் குருஷ்சேவ். நாலே வாரத்துக்குள் அவசர அவசரமாகக் கலத்தைக் கட்டினார்கள். சுற்றுப்பாதையிலிருந்து ஒரு கலத்தைப் பத்திரமாக இறக்கும் வழி அன்றைக்கு யாரிடமும் இல்லை. நாய் திரும்பாது என்பது எல்லாருக்கும் தெரியும். விஞ்ஞானிகளில் ஒருவரான விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி, அனுப்புவதற்கு முன்பு லைக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

திரும்பிக்கொள்ளக்கூட இடமில்லாத அறை. ஏவுவதற்கு மூன்று நாள் முன்பே அதற்குள் வைத்துவிட்டார்கள். 1957 நவம்பர் 3 அன்று ராக்கெட் கிளம்பியபோது இதயத்துடிப்பு இரண்டு மடங்கைத் தாண்டியது. எடையற்ற நிலையில் அது அடங்க, தரைச் சோதனைகளில் ஆனதைவிட மூன்று மடங்கு நேரம் பிடித்தது. வெப்பக் கட்டுப்பாடு ஒழுங்காக வேலை செய்யாமல் அறை சூடேறிக்கொண்டே போனது. ஐந்து முதல் ஏழு மணி நேரத்துக்குள் உயிரின் அறிகுறி எதுவும் வரவில்லை. உலகத்துக்குச் சொன்னதோ, பல நாள் உயிரோடு இருந்தது, வலியில்லாமல் இறந்தது என்று. உண்மையை ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மலாஷென்கோவ் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த மாநாட்டில் சொல்லும்போது 2002 ஆகிவிட்டது. உடலைச் சுமந்த கலம் 1958 ஏப்ரல் வரை சுற்றிக்கொண்டிருந்து எரிந்துபோனது.

அந்தத் திட்டத்தில் வேலை செய்த ஒலெக் காசென்கோ 1998-இல் வெளிப்படையாக வருந்தினார். நாட்கள் போகப்போக வருத்தம் கூடுகிறது, அந்த நாயின் சாவுக்கு ஈடாகும் அளவுக்கு நாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றார். அனுப்பியவர்களே ஒப்புக்கொண்டதை நாம் ஏன் குழந்தைகளிடம் விழுங்க வேண்டும்?

சின்னப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். என் மகளிடம் சொன்னேன். அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, மற்ற நாய்கள் என்னாச்சு என்று கேட்டாள். 1960 ஆகஸ்டில் பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கியதைச் சொன்னேன். ஸ்ட்ரெல்கா அப்புறம் குட்டி போட்டதையும், அதில் ஒன்று அமெரிக்க அதிபர் கென்னடி வீட்டுக்குப் போனதையும் கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள்.

அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: 'பூமியைச் சுற்றிவந்த முதல் விலங்கு லைக்கா. 1957-இல் சோவியத் ஒன்றியம் அனுப்பியது. திரும்பக் கொண்டுவர வழியில்லை என்று தெரிந்தே அனுப்பினார்கள். சில மணி நேரத்தில் வெப்பம் தாங்காமல் லைக்கா இறந்துவிட்டது.'

இப்படிக்கு,
ஒரு வாசகன்