மணிக்கு எத்தனை முடிச்சு?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கப்பல் செய்தியில், சரக்குக் கப்பல் 'மணிக்கு 14 நாட் வேகத்தில்' சென்றதாக எழுதியிருந்தீர்கள். 31 ஆண்டுகள் சுக்கான் பிடித்தவன் என்பதால் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. 'நாட்' என்ற சொல்லுக்குள்ளேயே மணிக் கணக்கு அடங்கியிருக்கிறது. ஒரு நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். அதற்கு முன்னால் இன்னொரு 'மணிக்கு' எதற்கு?

நாட் என்பது முடிச்சுதான். கயிற்றில் மாலுமிகள் கையால் போட்ட முடிச்சு. பாய்க்கப்பல் காலத்தில், கால்வட்ட வடிவப் பலகை ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமிருந்து கடலில் போடுவார்கள். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் அது தண்ணீரில் நிமிர்ந்து நின்றுகொள்ளும், கப்பலோடு வராது. கப்பல் முன்னேற முன்னேற உருளையிலிருந்து கயிறு ஓடும். ஒருவர் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். மணல் தீர்ந்ததும் அவர் குரல் கொடுக்க, கயிற்றைச் சட்டென்று நிறுத்தி, கடந்துபோன முடிச்சுகளை எண்ணுவார்கள். எத்தனை முடிச்சோ அத்தனை நாட். 28 விநாடிக் கடிகாரம் என்றால் முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஒரு மணி நேரத்தில் 28 விநாடி எந்தப் பங்கோ, கடல் மைலில் இந்த நீளமும் அதே பங்கு. கட்டையையும் கயிற்றையும் கொண்டு வேகம் அளப்பதை வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் என் முதல் கப்பலின் செராங்கு, அதாவது மாலுமிகளின் தலைவர். அப்போதே பலகை வழக்கொழிந்துவிட்டது. வேகம் அளக்கச் சுழலி ஒன்றைத்தான் கயிற்றில் இழுத்துச் செல்வோம். ஆனாலும் ஒரு மாலை அவர் மேல்தளத்தில் உட்கார்ந்து, சணல் கயிற்றை, விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம் என்று வைத்து, எட்டுப் பாகம் எட்டுப் பாகமாக அளந்து முடிச்சுப் போட்டார். சுருளை என் கையில் கொடுத்துவிட்டு, முனையைப் பிடித்தபடி 28 வரை எண்ணிக்கொண்டே நடந்தார். கயிறு என் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. ஒரு முடிச்சு விரலில் தட்டியது, பிறகு இன்னொன்று. "நில்! என் நடை இரண்டு நாட்" என்றார். அந்த உரசலை என் கை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பலகைக்குப் பெயர் 'லாக்', மரக்கட்டை என்று பொருள். அது காட்டிய வேகத்தைக் குறித்த ஏடு லாக்புக் ஆனது. இன்று செல்பேசியில் 'லாகின்' செய்கிறோமே, அந்தச் சொல்லும் இந்த மரக்கட்டையின் வழியில் வந்ததுதான். இப்படி மணல், ஈயம், சணல் எல்லாம் ஒட்டியிருக்கும் சொற்களை அச்சில் பிழையாகப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

இனி '14 நாட் வேகம்' என்று மட்டும் எழுதுங்கள். வாசகருக்குக் கிலோமீட்டரில் சொல்ல வேண்டுமென்றால், 'மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர்' என்று பக்கத்திலேயே தாருங்கள். அந்த இடத்தில் 'மணிக்கு' கட்டாயம் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுக்கானி,
தூத்துக்குடி