முகாமுக்குப் போகவிருக்கும் உன் மகளைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா உடல்நலம் தேறி நடமாடத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். மகளை இந்தக் கோடையில் இரவு தங்கும் முகாமுக்கு அனுப்பலாமா என்றும், அங்கே என்னென்ன பயிற்சிகள் தருகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். பயிற்சிகளின் பட்டியலை எந்த முகாமும் அழகாக அச்சிட்டு அனுப்பிவிடும். படகு, வில்வித்தை, கைவினை, மலையேற்றம் என்று அதில் உள்ளவை உண்மையாகவே நடக்கின்றன. பிள்ளைகளும் அவற்றை விரும்புகிறார்கள். ஆனால், பல கோடைகள் பொறுப்பாளனாக இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலில் இடம்பெறாத சிறு வேலைகளும், யாரும் எதுவும் கற்றுத் தராத வேளைகளுமே பிள்ளைகளை அதிகம் மாற்றுகின்றன.

காலை மணி அடித்ததும் ஒவ்வொரு குடிலிலும் நாள் தொடங்கிவிடுகிறது. படுக்கையை மடிப்பது, தரையைப் பெருக்குவது, ஈரத் துணிகளைக் கொடியில் போடுவது, உணவு மேசையைத் துடைப்பது என்று யாருக்கு எந்த வேலை என்பது சுவரில் தொங்கும் பலகையில் எழுதியிருக்கும். முதல் இரண்டு நாட்கள் இதனால் சண்டை வராத குடிலே இல்லை. பெரியவர் ஒருவர் குறுக்கிட்டால் சண்டை உடனே ஓய்ந்துவிடும். ஆனால் மறுநாளும் அவரே வந்து தீர்க்க வேண்டியிருக்கும். சற்றுப் பொறுத்திருந்தால், பெருக்கப் பிடிக்காத பையனும் மேசை துடைக்கப் பிடிக்காத பையனும் தாங்களாகவே வேலையை மாற்றிக்கொண்டு, அதைப் பலகையிலும் திருத்தி எழுதிவிடுகிறார்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முகாமில், வசதியான பள்ளிகளில் படித்த சிறுவர்களையும் உழைக்கும் குடும்பங்களின் சிறுவர்களையும் கலந்து சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட அந்த ஏற்பாட்டின் அருமை, பலகையில் நடக்கும் இந்தத் திருத்தத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு முழுமையாக விளங்குகிறது.

நீச்சலைப் பற்றி நீ கவலைப்பட்டிருந்தாய். அது நியாயமான கவலை. ஒழுங்காக நடக்கும் முகாமில் முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் நீச்சல் திறனையும் சோதித்து, எந்த ஆழம் வரை போகலாம் என்று வரையறுத்துவிடுவார்கள். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. கரையில் உள்ள பலகையில் இருவரின் அடையாள வில்லைகளும் ஒன்றாகத் தொங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விசில் ஊதியதும், எல்லோரும் தத்தம் துணையின் கையைப் பிடித்து உயர்த்தி நிற்க, காவலர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் கரையேற வேண்டியதுதான். இடியோசை கேட்டாலும் அப்படியே. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடங்கள் ஆன பிறகே மீண்டும் இறங்க விடுவார்கள். இந்த முறை அங்கே உண்டா என்று முகாமிடம் நேரடியாகக் கேள். விடை தயக்கத்தோடு வந்தால் வேறு முகாமைப் பார்.

மதிய உணவுக்குப் பிந்தைய ஓய்வு நேரத்தைப் பல பெற்றோர் வீணான நேரம் என்று நினைக்கிறார்கள். நான் மிகவும் மதிக்கும் நேரம் அது. படுக்கையில் கிடந்தபடி சிலர் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள், சிலர் படிப்பார்கள், சிலர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கைபேசி இல்லாததால், அலுப்பு வரும்போது பக்கத்துப் படுக்கைக்காரனோடு பேசுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நீடிக்கும் நட்புகள் பல அப்படித்தான் தொடங்குகின்றன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த யால்டா உல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், திரைகளே இல்லாத இயற்கை முகாமில் ஐந்து நாட்கள் தங்கிய ஆறாம் வகுப்பு மாணவர்கள், வழக்கம்போல் பள்ளியிலேயே இருந்தவர்களைவிட, முகங்களில் தெரியும் உணர்ச்சிகளை அடையாளம் காண்பதில் அதிக முன்னேற்றம் காட்டினார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர நான் விரும்பவில்லை. ஆனாலும் ஓய்வு நேரக் குடிலில் நான் காண்பதோடு அது பொருந்துகிறது.

இனி நீ அதிகம் அஞ்சும் விஷயம்: வீட்டு ஏக்கம். அது வரும். பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளைக்குக்கூட விளக்கணைத்த பிறகு வரும். அதை நோய் போலவோ தோல்வி போலவோ நடத்தக் கூடாது. இத்துறையில் நீண்ட காலம் உழைத்த உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர், மருத்துவர் எட்வர்ட் வால்டனுடன் இணைந்து 2007இல் எழுதிய வழிகாட்டுதலில், போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு தர வேண்டும், முன்கூட்டியே உறவினர் வீட்டில் சில இரவுகள் தங்கிப் பழக விட வேண்டும் என்கிறார்கள். அவர்கள் அழுத்திச் சொல்வது இன்னொன்று: ‘பிடிக்காவிட்டால் உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அன்பால் சொல்லும் வாக்குதான். ஆனால் உன்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்று நாமே முன்கூட்டிச் சொல்வதாகப் பிள்ளையின் காதில் அது விழுகிறது. அழும் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, நாளைக்கு என்ன செய்யலாம் என்று பேச்சை மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் உறக்கம் வந்துவிடும். சாப்பிடவும் உறங்கவும் முடியாத அளவுக்கு ஏக்கம் முற்றும் பிள்ளைகளும் உண்டு. அவர்களின் பெற்றோரை அழைத்துப் பேசத் தயங்கக் கூடாது.

குடில்களுக்கிடையிலான போட்டிகளை நான் குறைத்துவிட்டேன். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து ராபர்ஸ் கேவ் பூங்காவில், பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரண்டு அணிகளாக்கி சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் ஒரு கோடை முகாமில் நடத்திய ஆய்வை நீ படித்திருப்பாய். பரிசுக்காக மோதவிட்டதும் ஓர் அணி மற்றதன் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை மூண்டது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வைத்தும் அது தணியவில்லை. தண்ணீர் வரத்து தடைப்பட்டதும், பழுதான வண்டியை இழுக்க வேண்டியதும் போன்ற, எல்லோரும் கைகோத்தால்தான் தீரும் சிக்கல்கள் வந்த பிறகே தணிந்தது. பிள்ளைகளிடம் உண்மையை மறைத்து அப்படிச் சோதித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் கோப்பைக்கான ஓட்டப்பந்தயத்தைவிட, எல்லாக் குடில்களும் சேர்ந்து விறகு பொறுக்கி அடுக்கும் மாலையையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

அந்த விறகில்தான் இரவு கேம்ப் ஃபயர் நடக்கிறது. பாட்டு, கதை, நாடகம் எல்லாம் நீ ஊகிப்பவைதான். பெரிய பிள்ளைகளிடம் தீயை அணைக்கும் பொறுப்பைத் தருகிறோம்: நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் சிறிதும் சூடில்லை என்று பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் புறங்கையால் உணர்ந்து பார்க்கும்வரை யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. உன் மகளின் வயதில் இவ்வளவு கனமான பொறுப்பு வேறெங்கும் அவளுக்குக் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே அவளை அனுப்பு. ஆனால் முதலில் அவளிடம் கேட்டுவிட்டு அனுப்பு. பெட்டியை அவளே அடுக்கட்டும். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருப்பது முக்கியம். ஒவ்வாமை, மருந்து, இரவில் படுக்கை நனைக்கும் பழக்கம் என எதுவானாலும் உடல்நலப் படிவத்தில் மறைக்காமல் எழுது. பொறுப்பாளருக்கு முன்பே தெரிந்தால் மற்றப் பிள்ளைகள் அறியாமல் சமாளித்துவிட முடியும். அவள் சேர்வதற்கு முன்பே ஒரு கடிதத்தை அஞ்சலில் போட்டுவிடு, முதல் நாளே கையில் கிடைக்கட்டும். வீட்டில் அவள் இல்லாமல் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பதை மட்டும் அதில் எழுதாதே. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. முகாமைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அடுத்த கடிதத்தில் விரிவாக அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்