வருகைக் கூட்டத்துக்கு முன்: சேகர கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

நம் சபைகளைச் சேர்த்து நடத்தும் சேகரத்தின் குருவானவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த அட்வெந்து நாட்களிலும், ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றிப் பேசும் வருகைக் கூட்டம் நடத்தப் போவதாக ஆராதனை முடிவில் அறிவித்தீர்கள். பந்தல், ஒலிபெருக்கி, வெளியூர்ப் பிரசங்கியார் எல்லாம் உண்டு. நடத்துங்கள், தடையில்லை. ஆனால் எந்தத் தேசம் எந்தத் தேசத்தோடு சண்டை போடுகிறது என்று பட்டியல் வாசித்து, இன்னும் இத்தனை வருஷம்தான் என்று விரல் மடக்குகிற பிரசங்கம் இந்த ஒரு வருஷமாவது வேண்டாம். நாள் குறித்தவர்கள் நமக்குப் புதியவர்களா? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்து ஏமாந்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் யோசேப்பு, திருவிதாங்கூரில் 1881-ல் ஆண்டவர் வந்துவிடுவார் என்று சொன்னார். நல்ல பாட்டுக்காரர், மலையாளச் சபைகளில் அவர் பாட்டுகளை இன்றும் பாடுகிறார்கள். பாட்டு நின்றது, கணக்கு நிற்கவில்லை.

மத்தேயு சுவிசேஷம் 24-ஆம் அதிகாரத்தை நாம் முடிவுகால 'அடையாளங்கள்' வரைக்கும் வாசித்துவிட்டு மூடிவிடுகிறோம். பின்பாதியில் இரண்டு பேர் வயலில் இருக்கிறார்கள், இரண்டு பெண்கள் எந்திரம் அரைக்கிறார்கள். ஒருவர்கூடக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கவில்லை! அடுத்த அதிகாரத்துப் பத்துக் கன்னிகைகளிலும் புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்ந்துதான் தூங்கினார்கள். ஆக, கண் கொட்டாமல் இருப்பதை ஆண்டவர் கேட்கவில்லை. கேட்டது என்ன என்பதை அதே 24-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஊழியக்காரன் கதையாகச் சொல்லிவிட்டார். "ஏற்றவேளையிலே" வேலைக்காரருக்குப் போஜனம் கொடுக்கிறவன்தான் ஆயத்தமானவன். எஜமான் வர நாளாகும் என்று நினைத்தவன் முதலில் செய்தது உடன் வேலைக்காரரை அடித்தது. ஜெபத்தை விட்டான் என்றோ உபவாசத்தை விட்டான் என்றோ அங்கே குற்றச்சாட்டு இல்லை.

யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் இன்னும் கடுமை. கர்த்தரின் வரவு சமீபம், நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார் என்று பயமுறுத்துகிற அதே பக்கத்தில்தான், வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது. இதைப் பிரசங்கியார் தொடுவாரா? தொட்டால் நம் சேகரத்தையும் தொட்டாக வேண்டுமே.

கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவரின் சம்பளம் ஸ்தோத்திர பண்டிகை வசூலை எதிர்பார்த்து நிற்கிறது. படுக்கையில் கிடக்கிற பாட்டிமாருக்கு வீட்டில் கொடுக்க வேண்டிய திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்), 'அடுத்த மாசம்' என்றே தள்ளிப் போகிறது. விதவைகள் உதவித்தொகைக்கு வந்த பணம் கட்டடக் கணக்கில் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் கமிட்டி சொல்லும் பதில், நாள் இருக்கிறது பார்த்துக்கொள்ளலாம் என்பதே. அந்தப் பொல்லாத ஊழியக்காரனும் தன் உள்ளத்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டான்.

எங்களையும் விட்டுவிட வேண்டாம். பொது வழிக்காக வழக்காடுகிற அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் முழங்காற்படியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள். வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளத்தில் லீவு நாளை எண்ணிக் கழிக்கிறோம். அட்வெந்து முதல் ஞாயிறுக்கு முந்தின வாரம், சபைச் சங்க வாரியாக வீடு வீடாக வந்து இதையெல்லாம் கேளுங்கள். கோபப்படுவோம், பரவாயில்லை.

கமிட்டி அடுத்துக் கூடும்போது பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கும் தீர்மானத்துக்கு முன்பாக மணியடிக்கிறவரின் பாக்கியைத் தீர்க்கும் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதவைகள் நிதிக் கணக்கை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வீட்டுத் திருவிருந்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. ஐயா எந்த நாள் வருவார் என்று சொன்னால், கூட வர இரண்டு பேரை அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்க அங்கத்தினர் ஒருவர்