இந்தி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர் சிப்காட் ஆலைகளிலும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் குவாரிகளிலும் உழைக்கும் வெளிமாநிலத்தவரிடம் நாம் பேசும் விதம் குறித்து எழுதுகிறேன். வடக்கிலிருந்து வந்தவர் என்றாலே இந்திக்காரர் என்று முடிவுகட்டி விடுகிறோம். ஜார்க்கண்ட், ஒடிசா பகுதிகளிலிருந்து வருவோரில் சந்தாலியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் உண்டு. இந்தியோடு குடும்ப உறவே இல்லாத, முண்டா என்னும் மொழிக் குழுவைச் சேர்ந்தது அது. ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி என்னும் தனி எழுத்தைக் கொண்டது. 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலி ஆகியவற்றுடன் அரசியலமைப்பு ஏற்ற மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது.

அண்மையில் ஒரு மருத்துவமனையில், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்து நின்ற பெண்ணிடம் ஊழியர் ஒருவர் ஒரே இந்தி வாக்கியத்தை மேலும் மேலும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பெண் தலையை மட்டும் ஆட்டினார். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் "ஜோஹார்" என்று சந்தாலியில் வணக்கம் சொன்னதும் அப்பெண் நிமிர்ந்து பார்த்துப் பதிலுக்கு "ஜோஹார்" என்றார்; மாத்திரை எத்தனை வேளை என்பதைப் பிறகு விரல்களைக் காட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எந்த மொழியானாலும் மரியாதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் கற்க வேண்டும். நேபாளியில் த, திமி, தபாய் என முன்னிலைக்கே படிநிலைகள் உண்டு. வயதில் மூத்தவரிடம் 'த' என்றால் அவமதிப்பாகிவிடும். பூட்டானின் தேசிய மொழியான சோங்கா நம் மாவட்டத்தில் காதில் விழுவது அரிது என்றாலும், "குசுசாங்போ லா" என்ற வணக்கத்திலும் "காதின்சே லா" என்ற நன்றியிலும் இறுதியில் நிற்கும் 'லா', நாம் அன்றாடம் சேர்க்கும் 'ங்க' போலவே பணிவைச் சுமக்கிறது. இது தெரிந்தவர் பெரியவர்களிடம் அதை விட்டுவிட்டுப் பேசமாட்டார்.

பிழைக்க வந்தவர்கள் தமிழைக் கற்கட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேநீர்க் கடையில் "அண்ணா, ஒரு டீ" என்று கேட்பதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். தெலுங்கும் கன்னடமும் புழங்கும் தளி, தேன்கனிக்கோட்டை மக்களுக்கு இன்னொரு மொழியில் நான்கு சொற்கள் பாரமாக இரா.

ஆகவே, தங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரந்தோறும் சந்தாலி, ஒடியா, நேபாளி, போடோ மொழிகளில் வணக்கம், நன்றி, மன்னிக்கவும், உட்காருங்கள் ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். கைப்பேசிச் செயலிகளை நம்பாமல், இங்கே வாழும் அம்மொழிக்காரர்களிடமே உச்சரிப்பைக் கேட்டு அச்சிட வேண்டும். மருந்துக் கடைகளும் நூலகங்களும் அதை வெட்டி ஒட்டிக்கொள்ள ஏதுவாக, கட்டம் கட்டி வெளியிட்டால் நலம்.

இப்படிக்கு,
வாசகர், ஓசூர்