விமர்சனம் படத்துக்கு எழுதுங்க, பாக்க வந்தவங்களுக்கு வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சினிமா பக்கத்துல ஒரு புதுப்படத்துக்கு விமர்சனம் போட்டிருந்தீங்க. படத்து பேரை இங்க இழுக்கல, ஏன்னா என் சண்டை அந்த படத்துக்காக இல்ல. கதை பழசு, செகண்ட் ஹாஃப் இழுவை, வில்லன் எதுக்கு வர்றான்னு அவனுக்கே தெரியலன்னு எழுதியிருந்தாரு, எல்லாம் சரிதான், நானும் படத்தை பாத்துட்டுத்தான் பேசுறேன். ஆனா கடைசி பாராவுல "மூளைக்கு வேலை குடுக்க விரும்பாதவங்க தாராளமா போகலாம்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர். படத்தை திட்டுங்க, டைரக்டரை திட்டுங்க, காசு குடுத்து போனவங்களை ஏன் சார் திட்டுறீங்க.

நான் பெங்களூர் அல்சூர்ல தையல் கடை வெச்சிருக்கேன். பிளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ் பீக்கோ, இதுதான் பொழப்பு. கடையில இருக்குற பொண்ணுங்க எல்லாரும் தமிழ்தான், ஒருத்தி ஸ்ரீராம்புரம், ஒருத்தி தினமும் கேஜிஎஃப்ல, அதான் கோலார் தங்கவயல்ல இருந்து ட்ரெயின்ல வந்து போறவ. அவங்களை கூட்டிக்கிட்டுத்தான் அந்த படத்துக்கு போனேன். படம் முடிஞ்சு படியிறங்கும்போதே ஆரம்பிச்சுட்டாங்க, ஹீரோவோட தங்கச்சி ஊருக்கு போறேன்னு பஸ் ஏறுனவ அப்புறம் என்னதான் ஆனா, அந்த இன்ஸ்பெக்டர் மட்டும் எப்படி எல்லா எடத்துக்கும் கரெக்டா வந்து நிக்கிறான், அப்படின்னு. கேஜிஎஃப் பொண்ணு சொல்றா, அக்கா பாத்தீங்களா, கோயில் சீன்ல ஹீரோயின் பிளவுஸ் கை முழங்கை வரைக்கும் இருந்துச்சு, பாட்டு முடிஞ்சு அதே கோயில்ல திரும்பி வந்து நிக்கும்போது கை ரெண்டு இஞ்ச் குட்டை, பைப்பிங்கும் காணோம்னு. உங்க விமர்சனத்துல இது இல்ல சார். அதே பொண்ணுதான் மறுநாள் காலைல காஜா எடுத்துக்கிட்டே அந்த படத்து காமெடியை அப்படியே நடிச்சு காட்டி கடையையே சிரிக்க வெச்சா, அடுத்த வாரம் அவங்க அம்மாவை கூட்டிட்டு மறுபடியும் போறாளாம்.

இதுல எங்க சார் மூளைய கழட்டி வெச்சாங்க? ஓட்டையும் தெரியுது, படமும் பிடிச்சிருக்கு, ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல நடக்கும். படிச்சவங்களுக்கு இது ஏன் புரிய மாட்டேங்குதுன்னுதான் எனக்கு புரியல.

சுந்தர்.சி-யையே எடுத்துக்குங்க, ஜனங்களுக்கு பிடிக்கும் விமர்சகருக்கு பிடிக்காதுங்குறதுக்கு அவரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2003 பொங்கலுக்கு அவர் எடுத்த அன்பே சிவம் வந்துச்சு, கமல், மாதவன், நல்ல கதை, நல்ல வசனம், எழுதுறவங்க மெச்சிக்கிட்டாங்க, தியேட்டர்ல ஓடல. அதே வருஷம் அதே மனுஷன் வின்னர் எடுத்தாரு. கதைன்னு கேட்டா யாருக்கும் சொல்ல வராது, ஆனா கைப்புள்ளன்னு சொல்லிப் பாருங்க, அன்னைக்கு பொறக்காத பசங்க கூட சிரிக்கும். அந்த படத்துல வடிவேலு நடத்துன வருத்தப்படாத வாலிபர் சங்கம், பத்து வருஷம் கழிச்சு 2013-ல சிவகார்த்திகேயன் படத்துக்கே பேராச்சு. தலைநகரம்ல வந்த நாய் சேகருக்கு 2022-ல ஒரே வருஷத்துல ரெண்டு படம், ஒண்ணு சதீஷ், ஒண்ணு வடிவேலுவே. 2019-ல நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை பண்ணுச்சே, அது 2001-ல வந்த ஃப்ரண்ட்ஸ் படத்துல வடிவேலு பண்ண காமெடி, அது சுந்தர்.சி படம் இல்லன்னாலும் கதை ஒண்ணுதான். படம் வந்த வாரம் இதையெல்லாம் "காமெடி ஆங்காங்கே கைகொடுக்கிறது"ங்குற மாதிரி ஒரு வரியில முடிக்கிறதுதானே வழக்கம்.

அன்பே சிவம் மட்டமா, வின்னர் ஒசத்தியான்னு யாராவது கேப்பாங்க, அப்படி சொல்லல. எனக்கு ரெண்டும் பிடிக்கும், அன்பே சிவத்தை டிவியில போடும்போதெல்லாம் மிஷினை நிறுத்திட்டு பாப்பேன். அந்த படம் நல்ல படம்னு இன்னைக்கு எல்லாரும் சொல்றாங்கன்னா அதுக்கு விமர்சனம் மட்டும் காரணம் இல்ல, டிவியில திரும்பத் திரும்ப பாத்த இதே ஜனங்கதான் காரணம், அப்ப மட்டும் எங்களுக்கு மூளை எங்கிருந்து வந்துச்சு?

2025 பொங்கலுக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. மதகஜராஜா. 2012-ல எடுத்து 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம், பணப் பிரச்சனையில பெட்டிக்குள்ள முடங்கி பன்னெண்டு வருஷம் கழிச்சு வெளிய வந்துச்சு. விஷாலும் சந்தானமும் அதுல அவ்ளோ சின்னப் பசங்களா இருக்காங்க. ஊசிப்போயிருக்கும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, ஆனா அந்த பொங்கலுக்கு ஜனங்க எதுக்கு போய் விழுந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். மனோபாலா சார் வர்ற அந்த நீள காமெடிக்கு தியேட்டர் குலுங்குது, அவரு 2023 மே மாசமே போய் சேந்துட்டாரு, சிரிச்சு முடிச்சு கண்ணை தொடச்சுக்கிட்டு பக்கத்து சீட்டு அம்மா "பாவம்மா, நல்ல மனுஷன்"னு சொல்றாங்க. இதுல எதை ஸ்டார்ல அளக்குறது?

அதுக்கு சரியா ரெண்டு மாசம் முன்னாடி, 2024 நவம்பர்ல கங்குவா. அவ்ளோ செலவு, அவ்ளோ விளம்பரம், ஜனங்களும் ஏத்துக்கல விமர்சகர்களும் ஏத்துக்கல. உடனே தயாரிப்பாளர் சங்கம் என்ன பண்ணுச்சு, இந்தியன் 2, வேட்டையன், கங்குவா எல்லாத்தையும் யூட்யூப் விமர்சனம்தான் கெடுத்துச்சு, தியேட்டர் வாசல்ல மைக் நீட்ட விடாதீங்கன்னு அறிக்கை விட்டாங்க. அப்புறம் முதல் மூணு நாளைக்கு விமர்சனமே கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போனாங்க, கருத்து சொல்றது உரிமை, அப்படியெல்லாம் தடை போட முடியாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. சரியாத்தான் சொல்லிச்சு. ஒரு பக்கம் விமர்சனத்தாலதான் படம் போச்சுன்னு இவங்க அழுவுறாங்க, இன்னொரு பக்கம் பன்னெண்டு வருஷ பழைய படம் வாய்ப்பேச்சுலயே ஓடுது. அதனால விமர்சனத்தை நிறுத்தணும்னு நான் எழுதுறதா நெனச்சுடாதீங்க, எழுதணும், நல்லா காரமாவே எழுதணும்.

இன்னொண்ணு, இந்த மூணு நாள் தடையெல்லாம் எங்க ஊர்ல எப்படி சார் நடக்கும்? தமிழ்நாட்டுல 2023-க்கு அப்புறம் பெரிய படத்துக்கே முதல் ஷோ காலைல 9 மணிக்குத்தான், இங்க பெங்களூர்ல 6 மணிக்கே போட்டுடுறாங்க, ஒசூர் கிருஷ்ணகிரி பசங்க ராத்திரியே பைக் எடுத்துட்டு இங்க வந்துடுறாங்க. சென்னையில பாலாபிஷேகம் ஆரம்பிக்கும்போது இங்க இன்டர்வெல்ல உக்காந்துக்கிட்டு "ஃபர்ஸ்ட் ஹாஃப் சுமார்"னு போன்ல தட்டிட்டு இருப்பாங்க நம்ம பசங்க.

டிக்கெட் விலைய பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா விமர்சனத்தை நாங்க எதுக்கு படிக்கிறோம்ங்குறதே அதுலதான் இருக்கு. தமிழ்நாடு மாதிரி இங்க உச்சவரம்பு கிடையாது. 2025-ல கர்நாடகா அரசு 200 ரூபாய்க்கு மேல விக்கக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுச்சு, செப்டம்பர்ல கையெழுத்து காயிறதுக்குள்ள ஹைகோர்ட்ல தடை வாங்கிட்டாங்க. ரஜினி படம் விஜய் படம்னா மால்ல முதல் நாள் கேக்குற ரேட்டுக்கு நான் ரெண்டு லைனிங் பிளவுஸ் தெச்சாகணும். அல்சூர் பக்கம் லிடோ இருந்துச்சு, இப்ப அந்த எடத்துல மால் நிக்குது, சிங்கிள் ஸ்கிரீன் ஒவ்வொண்ணா போயிட்டே இருக்கு, மிச்சம் இருக்குற ஊர்வசி மாதிரி தியேட்டர் கிடைச்சாதான் குடும்பத்தோட போக முடியும். இவ்ளோ யோசிச்சு, காசை எண்ணி, பொண்ணுங்களுக்கு லீவு விட்டு போறவங்களைத்தான் உங்க ஆளு மூளை இல்லாதவங்கன்னு எழுதுறாரு. அவருக்கு பிரஸ் ஷோவுல ஓசி சீட்டும் காபியும்.

முன்னாடி ஆனந்த விகடன்ல மார்க் போடுவாங்க, எனக்கு அது ரொம்ப பிடிக்கும். 16 வயதினிலேக்கு 62.5, அதை தாண்டி எந்த படத்துக்கும் குடுக்கல. அம்பது மார்க்குக்கு மேல வாங்குன படத்துக்கு நான் கிளம்புவேன், நாற்பது வாங்குனா எங்க வீட்டுக்காரர் கிளம்புவாரு, ஒரே விமர்சனம் ரெண்டு பேருக்கும் உபயோகப்பட்டுச்சு! ஏன்னா படம் என்ன மாதிரின்னு அதுல தெளிவா இருக்கும், ஃபைட் எத்தனை, பாட்டு எப்படி, சிரிப்பு வருதா, எல்லாம் புரிஞ்சுடும். இப்ப உங்க பேப்பர்ல அந்த படத்துல காமெடி யாருன்னே எழுதல. முக்காப் பக்கம் எழுதியிருக்காரு, தியேட்டர்ல ஜனங்க சிரிச்சாங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை கிடையாது. காமெடி படத்துக்கு அதுதானே சார் முதல் செய்தி? அவருக்கு சிரிப்பு வரலன்னா "எனக்கு வரல, பக்கத்துல இருந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க"ன்னு எழுதலாமே, அதுல கௌரவம் ஒண்ணும் குறையாது. என்கிட்ட நைட்டி தைக்க துணி குடுத்தவங்ககிட்ட போய் இது ஏன் பட்டு பிளவுஸ் மாதிரி இல்லன்னு நான் கேட்டா கடைய மூடிட்டு போக வேண்டியதுதான்.

பொம்பளைங்களை காட்டுற விதத்துல மட்டும் விமர்சகர்கள் பக்கம்தான் நான். மதகஜராஜாவுலயே ஹீரோயின் ரெண்டு பேரையும் கேமரா எங்கெங்கயோ மேயுது, நெறைய பேர் அதை கண்டிச்சு எழுதுனாங்க, தப்பே இல்ல. குண்டா இருக்குறவங்களை, கருப்பா இருக்குறவங்களை வெச்சு அடிக்கிற காமெடிக்கும் அதேதான். தியேட்டரே சிரிச்சுதுங்குறதால அது சரியாயிடாது. எங்க கடையில கொஞ்சம் உடம்பா இருக்குற பொண்ணு ஒண்ணு, அந்த மாதிரி சீன் வந்தா சிரிக்காம போனை எடுத்து பாக்க ஆரம்பிச்சுடும், நான் கவனிச்சிருக்கேன். இதை எழுதுங்க, விடாம எழுதுங்க, இதெல்லாம் ஜனங்களுக்காக பேசுற பேச்சு. "இந்த கூட்டத்துக்கு இது போதும்"னு எழுதுறது ஜனங்க மேல துப்புற பேச்சு. ரெண்டுத்துக்கும் வித்தியாசம் படிக்கிறவங்களுக்கு தெரியும்.

பெரிய படங்களுக்கே இது நடந்திருக்கு. ஷோலே, இங்க பக்கத்துல ராமநகரா பாறையிலதான் எடுத்தாங்க, 1975 ஆகஸ்ட் 15 ரிலீஸ். வந்த புதுசுல பேப்பர்காரங்க பாதி பேர் கிழிச்சுட்டாங்க, முதல் வாரம் கூட்டமும் சுமார்தான். அப்புறம் ஜனங்க வாய்ப்பேச்சுலயே ஏறி மும்பை மினர்வா தியேட்டர்ல அஞ்சு வருஷம் ஓடுச்சு. இப்ப அதை பாடம் மாதிரி வெச்சு எழுதுறதும் அதே பேப்பர்காரங்கதான். எல்லா படமும் ஷோலே ஆயிடாது, நான் போன வாரம் பாத்த படம் அடுத்த தீபாவளிக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது, இருந்தா என்ன இல்லாட்டி என்ன, அந்த ரெண்டரை மணி நேரம் நல்லா போச்சு.

கடைசியா ஒரு வேலை செய்யுங்க. விமர்சனத்துக்கு கீழ ஒரு பெட்டி கட்டி, படம் எத்தனை மணி நேரம், குழந்தைங்களை கூட்டிட்டு போகலாமா, பெங்களூர்ல எந்தெந்த சிங்கிள் ஸ்கிரீன்ல தமிழ் ஷோ எத்தனை மணிக்குன்னு போடுங்க. முன்னாடியெல்லாம் தியேட்டர் விளம்பரம் பேப்பர்லயே வரும், இப்ப எல்லாத்துக்கும் ஆப் பாக்க வேண்டியிருக்கு, அதுல ஊர்ல இருக்குற பாதி தியேட்டர் காட்டவே மாட்டேங்குது. முக்கியமா படம் எத்தனை மணிக்கு விடும்னு போடுங்க, கேஜிஎஃப் பொண்ணு ட்ரெயினை விட்டுட்டா ராத்திரி எங்க வீட்லதான் படுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரி,
அல்சூர், பெங்களூரு.